மூன்றாவது துளை

யாழ்ப்பாணத்தில் ஒருவர் வீடு வாங்க எண்ணினால் முதலில் உறுதியைப் பார்ப்பார். நொத்தாரிசிடம் கொடுத்துத் தோம்பு தேடுவிப்பார். கிணற்று நீரை அள்ளிக் குடித்து, உவரோ நன்னீரோ என்று அறிவார். மேசனை அழைத்துச் சுவரின் வெடிப்பைக் காட்டுவார். தச்சரை அழைத்து வளையிலே கறையான் உண்டா என்று தட்டுவிப்பார். வாசல் எத்திசை நோக்கியது என்று சாத்திரியாரிடம் கேட்பாரும் உளர். இத்தனையும் செய்தபின், சுவரிலே பதிந்து கிடக்கும் ‘பிளக் பொயின்ற்’ ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்து வீடு வாங்கியவரை நான் இதுவரை கண்டதில்லை. விளக்கு எரிகிறதா, விசிறி சுழல்கிறதா என்ற அளவோடு மின்சாரம் பற்றிய விசாரணை முடிந்துவிடுகிறது.

ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த விசாரணைக்கென்றே ஒரு தொழில் உண்டு. விலை பேசி ஒப்புக்கொண்டபின், பணம் முழுவதும் கைமாறுவதற்கு முன் உள்ள சில நாள்களில், வாங்குபவர் தம் செலவில் ஒரு வீட்டுப் பரிசோதகரை அமர்த்துகிறார். அவர் இரண்டு மூன்று மணி நேரம் கூரைமுதல் நிலவறைவரை சுற்றிப் பார்த்து, படங்களோடு ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்கிறார். அமெரிக்க வீட்டுப் பரிசோதகர் சங்கம் 1976இல் தோன்றியது. ரெக்சாஸ் போன்ற மாநிலங்களில் அரச அனுமதிப்பத்திரம் இன்றி இத்தொழிலைச் செய்ய இயலாது. அங்கே அறிக்கையின் படிவத்தையும் அரச ஆணைக்குழுவே வகுத்திருக்கிறது. வீட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் நேரே நான்கு கட்டங்கள் உள: பார்க்கப்பட்டது, பார்க்கப்படவில்லை, இவ்வீட்டில் இல்லை, குறையுடையது. குறையுடையது என்று அடையாளமிட்டால் அக்குறை யாது என்பதையும் எழுதியே ஆகவேண்டும்.

என்னிடம் முன்னர் கல்வி பயின்ற ஒருவர் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில், 1950களில் கட்டப்பட்ட ஒரு சிறு வீட்டை வாங்க முற்பட்டார். பரிசோதகரின் அறிக்கையை எனக்கு அனுப்பிவைத்து, அதனுடன் இவ்வாறு எழுதியிருந்தார்: “சேர், வீட்டில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஆனால் இவர் பிளக் பொயின்றுகளைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். விற்பவர் சிரிக்கிறார், அறுபது வருடமாக ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லையாம். அம்மாவும் கைக்குழந்தையும் இருக்கப்போகும் வீடு. நான் பயப்பட வேண்டுமா?”

நான் அந்த ஒன்றரைப் பக்கத்தை இருமுறை வாசித்தேன். விஞ்ஞானப் பாடநூலில் பத்தாம் வகுப்பு மாணவன் படிக்கும் மூன்று கம்பிகளின் கதைதான் அது. ஆயினும் பாடநூல் சொல்லாத ஒன்றையும் அது சொல்லியது. ஆதலின் அதனை இங்கே விரித்துரைப்பது குடும்பத்தவர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் என்று கருதுகிறேன்.

மின்குதை ஒன்றுக்கு வருபவை மூன்று கம்பிகள். உயிர்க் கம்பி மின்னைக் கொண்டுவருகிறது. நொதுமற் கம்பி அதனைத் திருப்பிக் கொண்டுசெல்கிறது. மூன்றாவதாகிய புவிக் கம்பிக்கு அன்றாடம் ஒரு வேலையும் இல்லை. மின்னழுத்தியின் உள்ளே உயிர்க் கம்பி அறுந்து உலோக உடலைத் தொடும் அந்த ஒரு நாளுக்காகவே அது காத்திருக்கிறது. அன்று பெருமளவு மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து உருகியை எரிக்கும். அல்லது சுற்றுடைப்பானை விழச்செய்யும். புவிக் கம்பி இல்லாவிட்டால், மின்னழுத்தியின் உடல் மின்னேறியவாறே மேசைமேல் இருக்கும். அதனைத் தொடுபவரின் உடலே புவிக் கம்பி ஆகிவிடும். அறுபது வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்று விற்பவர் சொன்னது பொய்யன்று. ஆனால் அது சாட்சியமும் அன்று. புவிக் கம்பி உண்டா இல்லையா என்பது ‘வேலை செய்கிறது’ என்பதனால் அறியப்படாத ஒன்று. அது இல்லாமலே விளக்கு எரியும், விசிறி சுழலும், சோறு வேகும்.

அமெரிக்கக் குதையின் தோற்றத்தை நம்மவர் பலர் கண்டிருப்பர். நெட்டையான இரு பிளவுகளும், அவற்றுக்குக் கீழே வளைந்த ஒரு துளையும் சேர்ந்து, வியப்படைந்த ஒரு சிறு முகம்போலத் தோன்றும். இரு பிளவுகளும் ஒத்த நீளம் உடையன அல்ல. நீண்ட பிளவு நொதுமலுக்கு. குறுகியது உயிர்க் கம்பிக்கு. வளைந்த துளை புவிக் கம்பிக்கு. பின்புறத்தில் பித்தளை நிறத் திருகாணியில் உயிர்க் கம்பியும், வெள்ளி நிறத் திருகாணியில் நொதுமலும், பச்சைத் திருகாணியில் புவிக் கம்பியும் பூட்டப்படவேண்டும். அங்கே உயிர்க் கம்பியின் நிறம் கறுப்பு; நொதுமல் வெள்ளை. நமது பழைய வீடுகளிலோ கறுப்புத்தான் நொதுமல், சிவப்பே உயிர்க் கம்பி. இங்கே வேலை பழகிய ஒருவர் அங்கே போய்ப் பழைய நினைவில் கைவைத்தால் என்னாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அறிக்கையின் முதற்பகுதி பழைய குதைகளைப் பற்றியது. அமெரிக்காவின் தேசிய மின்விதித்தொகுப்பு 1897இல் முதன்முதல் வெளிவந்தது; இப்போது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. மூன்று துளைக் குதைகளையே வீடெங்கும் பொருத்தவேண்டும் என்பதை அதன் 1962ஆம் ஆண்டுப் பதிப்பு பொதுவிதி ஆக்கியது. ஆதலின் 1950களின் வீடுகளில் இரண்டு பிளவு மட்டும் உடைய குதைகள் இருப்பது இயல்பே. கட்டிய நாளில் அது விதிமீறல் அன்று. பழைய வீட்டைத் தொடாமல் வைத்திருப்பவரைப் புதிய விதி பின்தொடர்ந்து வந்து தண்டிப்பதும் இல்லை. அப்படியாயின் பரிசோதகர் அதனைக் குறை என்று எழுதலாமா? ரெக்சாஸ் மாநிலம் இதற்குத் தெளிவான விடை கூறுகிறது. கட்டிய காலத்து விதிக்கு ஏற்றதாய் இருந்தாலும், இன்றைய அறிவின்படி ஆபத்து என்று அறியப்பட்டவற்றைக் குறையென்றே குறிக்கவேண்டும் என்று அங்குள்ள பரிசோதகர்க்கு விதி உண்டு. அவ்வாறு குறித்தமையால் விற்பவர் அதனைத் திருத்தியே ஆகவேண்டும் என்பது இல்லை. வாங்குபவர் அறிந்து வாங்கவேண்டும், அவ்வளவே. இது மிக நியாயமான ஏற்பாடு என்பது என் கருத்து.

உண்மையில் இரண்டு பிளவுக் குதையிடம் ஒரு நேர்மை உண்டு. தன்னிடம் புவித்தொடுப்பு இல்லை என்பதை அது முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. மூன்று ஊசிச் செருகியை அது ஏற்காது. மனிதர்தாம் அதனை ஏமாற்றுகின்றனர். மூன்று ஊசியை இரண்டாக்கும் ஒரு சிறு இணைப்பியைக் கடையில் வாங்கி இடையே செருகுகின்றனர். அதற்கு அந்நாட்டவர் வழங்கும் பெயரே ஏமாற்றுச் செருகி என்பதாகும். வேறு சிலர் குறட்டினால் புவி ஊசியை முறித்துவிடுகின்றனர். நம் நாட்டில் இதற்குச் சமமான ஒரு வித்தை எல்லா வீடுகளிலும் அறியப்பட்டதே. 13 அம்பியர்க் குதையின் மேல்துளைக்குள் பேனை மூடியையோ குச்சியையோ செருகி, உள்ளிருக்கும் அடைப்பைத் திறந்து, இரண்டு ஊசிச் செருகியை நுழைத்துவிடுகிறோம். அந்த அடைப்பு குழந்தையின் விரலும் ஊசியும் உட்புகாமலிருக்க வைக்கப்பட்ட கதவு என்பதை எண்ணுவதில்லை. வீட்டில் சிறுவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்கிறோம். அவர்களுக்கு அது ஒரு செய்முறைப் பாடம்.

இரண்டாவது பகுதி, உயிர்க் கம்பியும் நொதுமலும் இடம் மாறிய குதைகளைப் பற்றியது. இது பழமையால் வந்த குறை அன்று, கைப்பிழை. ஓய்வுநாளில் தம் வீட்டைத் தாமே திருத்தும் வழக்கம் அந்நாட்டில் மிகுதி. அவ்வாறு செய்பவர் கறுப்பை வெள்ளித் திருகாணியிலும் வெள்ளையைப் பித்தளையிலும் பூட்டிவிட்டால், விளக்கு முன்போலவே எரியும்; தவறு நடந்தது என்று சொல்ல எவரும் இல்லை. ஆனால் கருவியின் ஆளி இப்போது உயிர்க் கம்பியை விட்டு நொதுமலைத் துண்டிக்கிறது. அணைத்து வைத்த ரொட்டி வாட்டியின் உள்ளே கம்பிச்சுருள் மின்னேறியே இருக்கும். சிக்கிய ரொட்டியைக் கத்தியால் நெம்புபவர் ‘அணைத்துவிட்டேனே’ என்ற நம்பிக்கையோடு நெம்புகிறார். திருகிப் பூட்டும் மின்குமிழ்களையுடைய மேசைவிளக்கில் குமிழைச் சுற்றியுள்ள திருகுச் சுரையே உயிர்ப்பகுதி ஆகிவிடும். குமிழை மாற்றுபவரின் விரல் படும் இடம் அது. இதனைச் சீராக்குவது மிக எளிது. இரு திருகாணியைத் தளர்த்திக் கம்பியை மாற்றவேண்டும். ஒரு தேநீர் ஆறும் நேரம்.

பரிசோதகர் இதனை அறிவது விரலளவான ஒரு சோதனைக் கருவியினால். மூன்று சிறு விளக்குகள் உடைய அக்கருவியைக் குதையிற் செருகியதும், எவ்விளக்கு எரிகிறது எவ்விளக்கு எரியவில்லை என்பதைக்கொண்டு இணைப்பின் நிலையைக் காட்டும். விலை மலிவு, எவரும் வாங்கலாம். அங்கு வீடு வாங்கும் நம்மவர் சிலர் தாமே இதனை வாங்கிச் சென்று சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்று திரும்புவதும் உண்டு.

அறிக்கையின் மூன்றாவது பகுதியே பாடநூல் சொல்லாதது.

பழைய வீட்டை விற்க எண்ணுபவர் இரண்டு பிளவுக் குதைகளை அழகில்லை என்று கழற்றி, வெள்ளை வெளேரென்ற மூன்று துளைக் குதைகளைப் பொருத்துகிறார். சுவருக்குள் புவிக் கம்பி இல்லை. மூன்றாவது துளை வெறும் துளையே. அத்தோடு நின்றால் சோதனைக் கருவி ‘புவித்தொடுப்பு இல்லை’ என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே சிலர் இன்னும் ஒருபடி செல்கின்றனர். குதையின் பின்னே நொதுமல் திருகாணிக்கும் பச்சைத் திருகாணிக்கும் இடையே இரண்டு அங்குலக் கம்பித் துண்டு ஒன்றைப் பூட்டிவிடுகின்றனர். இப்போது கருவி ‘சரி’ என்கிறது. கள்ளச்சாராயத்துக்கு அமெரிக்கர் வழங்கும் ‘பூட்லெக்’ என்ற சொல்லையே இதற்கும் பெயராக இட்டிருக்கின்றனர். நாம் கள்ளப் புவித்தொடுப்பு எனலாம்.

நொதுமலும் புவிக் கம்பியும் மெயின் பெட்டியில் ஒன்றாக இணைக்கப்பட்டவைதாமே, குதையில் இணைத்தால் என்ன என்று கெட்டிக்கார மாணவன் கேட்பான். கேட்கவேண்டிய கேள்வி. பெட்டியில் ஓரிடத்தில் இணைவது வேறு. குதையில் இணைவது வேறு. பெட்டிக்கும் குதைக்கும் இடையே எங்கேனும் நொதுமற் கம்பி கழன்றுவிட்டால், கருவியின் உள்ளே சென்ற மின் திரும்ப வழியின்றி அந்த இரண்டு அங்குலக் கம்பியின் வழியே கருவியின் உலோக உடலுக்கு வரும். கருவியில் ஒரு பழுதும் இல்லாதபோதே அதன் உடல் மின்னேறி நிற்கும். காப்பதற்கென்று பெயர்பெற்ற துளையே கொல்லும் வழி ஆகிறது.

இனி, இக்கள்ளத்தொடுப்பும் முன்சொன்ன கைப்பிழையும் ஒரே குதையில் கூடினால்? உயிர்க் கம்பி நொதுமல் திருகாணியில் இருக்கிறது. அங்கிருந்து துண்டுக்கம்பி பச்சைத் திருகாணிக்குப் போகிறது. அக்குதையில் மூன்று ஊசிச் செருகியுடைய எதனைச் செருகினாலும் அதன் உலோக உடல், ஆளியைப் போடுமுன்னரே, 120 வோல்ற்றில் இருக்கும். சோதனைக் கருவியோ அப்போதும் ‘சரி’ என்றே காட்டும். காரணம் இதுதான். அக்கருவி துளைகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் அளக்கிறது. முறையான குதையில் குறுகிய பிளவுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே 120 வோல்ற்று வேறுபாடு. மற்ற இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை. இந்தக் கொடிய குதையிலும் கணக்கு அப்படியே அமைகிறது. உயர்ந்தது தாழ்ந்தது மட்டுமே தலைகீழ். மூன்று துளையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொள்ளும் இடத்தில் வெளிச்சாட்சி ஒன்று வேண்டும். தொடாமலே மின்னழுத்தம் உணரும் பேனைபோன்ற கருவியைப் புவித்துளையின் அருகே கொண்டுசென்றால் அது கீச்சிடும். அனுபவமுள்ள பரிசோதகர் இரண்டையும் சட்டைப்பையில் வைத்திருப்பார்.

நம் மாணவருடைய பரிசோதகர் இதனை எவ்வாறு ஐயுற்றார் என்பது சுவையானது. பரிசோதகர் சுவரை உடைப்பதில்லை. பொதுவாகக் குதையைக் கழற்றுவதும் இல்லை. ஆனால் மெயின் பெட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பார். அங்கே உள்ளே வரும் பழைய வடங்கள் ஒவ்வொன்றிலும் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. மூன்றாவது கம்பி ஒன்றிலும் இல்லை. மேலே அறைகளிலோ மூன்று துளைக் குதைகள். கருவி எல்லாம் சரி என்கிறது. பெட்டியிலிருந்து புறப்படாத புவிக் கம்பி அறைக்கு எப்படி வந்து சேர்ந்தது? இந்த ஒரு கேள்வியைத்தான் அவர் அறிக்கையில் எழுதி, அனுமதி பெற்ற மின்வினைஞர் குதைகளைத் திறந்து பார்க்கவேண்டும் என்று வேண்டியிருந்தார். திறந்து பார்த்தபோது ஏழு குதைகளில் துண்டுக்கம்பி இருந்தது. நிலவறையில் தொழில்மேசைக்கு மேலிருந்த ஒன்றில் உயிர்க் கம்பியும் இடம் மாறியிருந்தது. விற்பவர் அங்கே பயன்படுத்தியவை இரண்டு ஊசியுடைய பிளாஸ்ரிக் உடற் கருவிகள். ஆதலின் அந்த மூன்றாவது துளையை ஒன்றும் தொட்டதில்லை. வாங்கப்போகும் நம்மவர் அவ்விடத்தில் ஆழ்குளிர்ப் பெட்டி வைக்க எண்ணியிருந்தார். கொங்கிறீற்றுத் தரை, நிலவறையின் ஈரம், கதவைத் திறக்கும் தாயாரின் வெறுங்கால்.

இதற்குப் பரிகாரம், வீடெங்கும் சுவரைக் கிளறிப் புதுக் கம்பி இழுப்பதுதான் என்று பலர் அஞ்சுகின்றனர். அதுவே சிறந்தது, ஆயின் ஒரே வழி அன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் மின்பொறியியற் பேராசிரியராக இருந்த சார்ள்ஸ் டால்சியல் என்பவர், மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்தார். மின்கம்பியைப் பிடித்த கை தானே விடுபடக்கூடிய எல்லை, சராசரியாக ஆணுக்கு 16 மில்லி அம்பியர், பெண்ணுக்கு 10.5 மில்லி அம்பியர் என்று கண்டார். சாதாரண வீட்டுச் சுற்றுடைப்பானோ 15 அம்பியரைத் தாண்டினால்தான் விழும். அதாவது ஆயிரம் மடங்கு. அது வீட்டைத் தீயிலிருந்து காக்கும், மனிதனைக் காக்காது. இந்த இடைவெளியை நிரப்ப டால்சியல் 1961இல் ஒரு சாதனத்தை அமைத்தார். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 5 மில்லி அம்பியர் அளவு குறைந்தாலும், அது எவர் உடல் வழியாகவோ கசிகிறது என்று கொண்டு இமைப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். அமெரிக்காவில் ஜி.எவ்.சி.ஐ. என்பர். நமது மெயின் பெட்டியில் ‘ட்ரிப் சுவிச்’ என்று நாம் அழைப்பது இதே தத்துவத்தில் இயங்குவது. அது பொதுவாக 30 மில்லி அம்பியருக்கு அமைக்கப்படுவது.

அமெரிக்க விதித்தொகுப்பு இதனை 1975இல் குளியலறைக்கும், 1987இல் சமையலறைக்கும் கட்டாயமாக்கியது. நம் கதைக்கு வேண்டிய செய்தி வேறு. இச்சாதனம் வேலைசெய்யப் புவிக் கம்பி தேவையில்லை. ஆதலின் புவிக் கம்பி இல்லாத பழைய சுற்றில் முதற் குதையாக இதனை வைத்து, அதன் பாதுகாப்பில் மற்றவற்றை மூன்று துளைக் குதைகளாக மாற்ற விதி இடங்கொடுக்கிறது, ஒரு நிபந்தனையோடு. ‘ஜி.எவ்.சி.ஐ. காப்புடையது’, ‘புவித்தொடுப்பு இல்லை’ என்ற இரண்டு சிட்டைகளைக் குதையின் முகத்தில் ஒட்டவேண்டும். சிட்டைகள் பெட்டியோடு இலவசமாகவே வருகின்றன. வீட்டுக்காரர் அழகு கெடும் என்று அவற்றை எறிந்துவிடுகின்றனர்; பரிசோதகர் சிட்டை இல்லை என்று அறிக்கையில் எழுதுகிறார்; விற்பவர் அதற்கும் சிரிக்கிறார். ஸ்காபரோ வீட்டில் இவ்வழியே பின்பற்றப்பட்டது. செலவை விற்பவர் விலையிற் கழித்துக்கொண்டார் என்று பின்னர் அறிந்தேன். சிரிப்பு அப்போது நின்றிருக்கவேண்டும்.

அலுமினியக் கம்பியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாகவேண்டும். செம்பின் விலை ஏறியமையால் 1965 முதல் 1973 வரை அமெரிக்காவில் மிகப் பல வீடுகளில் செம்புக்குப் பதில் அலுமினியம் பதித்தனர். அலுமினியம் சூட்டால் செம்பினும் மிகுதியாக விரிந்து சுருங்கும். காற்றுப்பட்டால் அதன்மேல் படியும் ஒட்சைட்டுப் படை மின்னைக் கடத்தாது. ஆதலின் குதையின் திருகாணியில் நாளடைவில் பிடி தளர்ந்து அவ்விடம் சூடேறும். 1972க்கு முன் ஆக்கப்பட்ட அலுமினியக் கம்பியுடைய வீடுகளில் இணைப்பு தீப்பிடிக்கும் நிலைக்கு வருவதற்குள்ள வாய்ப்பு, செம்புக் கம்பியுடைய வீடுகளைவிட 55 மடங்கு என்று அமெரிக்க நுகர்வோர் பொருட்பாதுகாப்பு ஆணைக்குழு அறிவித்திருக்கிறது. பழுது கம்பியின் நடுவில் அன்று, பெரும்பாலும் குதையின் முனையில். குதையின் மூடியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அதன் குறி. வெடித்த குதை, வர்ணம் பூசி அடைத்த குதை, செருகி நில்லாது நழுவும் குதை, கரி படிந்த குதை ஆகியவற்றைப் பற்றிப் பரிசோதகர் ஒவ்வொரு வரி எழுதுவார். அவை கண்ணுக்கே தெரிவன.

அறிக்கையின் மொழியைப் பற்றி ஓர் ஆசிரியன் என்ற முறையில் சிறிது குறைகூற விரும்புகிறேன். எல்லா அறிக்கைகளும் நம் மாணவருக்குக் கிடைத்ததுபோல் அமைவதில்லை. வேறொருவர் எனக்குக் காட்டிய அறிக்கையில், ‘சில குதைகளில் மின்குறைகள் உள, தகுதியுடையவர் மேலும் ஆராய்க’ என்ற பொருளில் ஒரே வாக்கியம். எத்தனை குதை, எவ்வறையில், என்ன குறை, அதனால் யாது விளையும் என்று ஒன்றும் இல்லை. இவ்வாக்கியம் வாங்குபவரைக் காப்பதினும் எழுதியவரையே காக்கிறது. பின்னர் வழக்கு வந்தால் ‘நான் அப்போதே சொன்னேன்’ எனலாம். நல்ல பரிசோதகர் வேறுவிதமாக எழுதுவார்: ‘வடக்குப் படுக்கையறை, சாளரத்தின் கீழுள்ள குதை. உயிர்க் கம்பியும் நொதுமலும் இடம் மாறியுள்ளன. அணைத்த கருவியும் மின்னேறியிருக்கும். மின்வினைஞரைக் கொண்டு உடனே திருத்துக.’ இடம், குறை, விளைவு, செயல். நான்கு சிறு வாக்கியம். வீட்டிலுள்ள பாட்டியாரும் விளங்கிக்கொள்வார்.

பழமையையும் பிழையையும் ஒரே தட்டில் வைக்கும் அறிக்கைகளும் உண்டு. அவற்றில் இரண்டு பிளவுக் குதையும் கள்ளத்தொடுப்பும் ஒரே சிவப்பு எழுத்தில் இருக்கும். வாசிப்பவர் ஒன்று எல்லாவற்றுக்கும் அஞ்சுவார், அல்லது ஒன்றுக்கும் அஞ்சார். முன்னையது வசதி செய்துகொள்ளும்போது மாற்றவேண்டியது. பின்னையது குடிபுகுமுன் திருத்தவேண்டியது. மேலும், பரிசோதகர் எல்லாக் குதைகளையும் சோதிப்பதில்லை. மாதிரிக்குச் சிலவற்றைச் சோதிக்கவே அவர்தம் தொழில்விதி கோருகிறது. அலுமாரிக்குப் பின்னே இருப்பதை அவர் காணார். ‘எத்தனை சோதித்தீர்கள், எவற்றைச் சோதிக்கவில்லை?’ என்று கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. அங்குள்ள நம்மவர், கேட்டால் மரியாதைக் குறைவு என்று எண்ணிப் பேசாதிருக்கின்றனர். பணம் கொடுத்தவர் கேட்பதே முறை.

நம் நாட்டில் வீட்டுப் பரிசோதகர் என்ற தொழில் வேரூன்றவில்லை. புதிய மின்னிணைப்புப் பெறும்போது வயறிங் சோதனை அறிக்கை கொடுக்கவேண்டும். அதன்பின் நாற்பது ஐம்பது ஆண்டுக்கு எவரும் வந்து பார்ப்பதில்லை. இதற்கிடையே ஓர் அறை கூடும், ஒரு விறாந்தை அடைபடும், ஒவ்வொன்றுக்கும் ஒருவர் கம்பி இழுத்திருப்பார். வட்ட ஊசி 5 அம்பியர்க் குதையும், 15 அம்பியர்க் குதையும், சதுர ஊசி 13 அம்பியர்க் குதையும் ஒரே கூடத்தில் அருகருகே இருக்கும். பல்லாண்டு பூட்டிக் கிடந்து மீண்டும் திறக்கப்பட்ட வீடுகளில் அணிலும் எலியும் கம்பியைக் கடித்த கதை நம்மவர்க்குப் புதிதன்று. நமது மின்னழுத்தம் 230 வோல்ற்று. அமெரிக்காவினதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. உடலின் தடை எங்கும் ஒன்றே. ஆகவே பாயும் மின்னோட்டமும் இரு மடங்காகும்.

செய்யக்கூடியது பெரிதன்று. ட்ரிப் சுவிச்சில் ‘ரீ’ என்ற ஆங்கில எழுத்துள்ள பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துக. விழவில்லையானால் அது சுவரில் மாட்டிய படம்தான். ஆயின் அப்பொத்தான் ட்ரிப் சுவிச்சைப் பற்றி மட்டும் சொல்லும். புவிக் கம்பி உண்டா என்பதைச் சொல்லாது. அதற்குத் தகுதியுள்ள மின்வினைஞர் கருவியோடு வந்து ஒவ்வொரு குதையாகப் பார்க்கவேண்டும். சிறு வீட்டுக்கு ஒரு பிற்பகல் போதும். அவர் போகும்போது வாய்ச்சொல்லாகச் ‘சரி’ என்று சொல்லிவிட்டுப் போக விடாமல், எந்த அறையில் எந்தக் குதையில் என்ன கண்டார் என்பதை ஓர் ஒற்றையில் எழுதுவித்து, உறுதியோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். குசினியிலும் குளியலறைப் பக்கத்திலும் உள்ளவற்றிலிருந்து தொடங்கச் சொல்லுக. கிணற்றடி மோட்டாரின் குதையை அவர் மறந்தாலும் நீங்கள் மறவாதீர்கள்.